பல்லிக்குச் சலாகை கீறிய ரீச்சர்

சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று சலாகை ரீச்சரிடம் யாராவது சொன்னால், "எத்தினை நாள் எழும்பிப் பாத்தனீர்?" என்று கேட்பார். தன் கண்ணால் பார்க்காத எதையும் நம்பாமல், பென்சன் எடுக்கும் வயதுவரை இந்தக் குடாநாட்டில் காலந்தள்ளிய ஒரே மனுசி அவர்தான். மழை பெய்யும் என்று ரேடியோ சொன்னால், முற்றத்தில் ஒரு ஜாம் போத்தலை வைத்து, அதற்குள் தண்ணீர் விழுந்ததைப் பார்த்த பிறகுதான் குடையை எடுப்பார். அதற்குள் அவர் நனைந்திருப்பார் என்பது வேறு கதை. ஒரு கலியாண வீட்டில் பெண்ணின் தகப்பன் ஆசையாக வந்து, "சாப்பாடு எப்பிடி ரீச்சர்?" என்று கேட்டார். "நான் ஒரு பந்திதானே இருந்தனான், அதை வைச்சு எப்பிடிச் சொல்லுறது?" என்றார் இவர். பாவம், அந்த மனுசன் அடுத்த பந்தி முடியும்வரை சமையற்காரரையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ரீச்சருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதை யாரும் பாவித்ததாக எனக்கு நினைவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுற்றாடல் படிப்பித்தவர். தரவு சேர்ப்பது, அதைச் சலாகை வரைபாகக் கீறுவது, கீறியதைப் பார்த்து என்ன தெரிகிறது என்று சொல்வது, இப்படி அதில் ஒரு பாடம் வரும். மற்ற ரீச்சர்மார் அதை ஒரு கிழமையில் முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். இவர் ஜனவரியில் அதைத் தொடங்கினால் மார்கழி விடுமுறைக்கும் அதிலேயேதான் நிற்பார். சின்னதும் பெரிசுமாகப் பட்டை பட்டையாய் எழும்பி நிற்கும் அந்தச் சலாகைகளைப் பார்க்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு செமிக்காது.

நெட்டையான ஆள். பருத்திச் சேலை, தடித்த மூக்குக்கண்ணாடி, கொண்டையில் எப்போதும் குத்தியபடி ஒரு பென்சில். சில நாட்களில் கொண்டையில் இரண்டு பென்சில் இருக்கும், மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பார்.

நான் அப்போது புதிதாக நியமனம் கிடைத்து, பருத்தித்துறைப் பக்கம் இருந்த அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தேன். நாலாம் வகுப்பு என்னுடையது. இரண்டு வகுப்புக்கும் நடுவில் இடுப்பளவு அரைச்சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ரீச்சர் பாடம் தொடங்கினால் இந்தப் பக்கம் என்னுடைய பிள்ளைகள் எல்லாருக்கும் கழுத்துத் திரும்பிவிடும். கொஞ்ச நாள் அதட்டிப் பார்த்தேன். பிறகு நானும் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

அவர் வகுப்புக் கரும்பலகையின் நடுவில் வருசம் முழுக்க ஒரு கோடு கிடக்கும். கோட்டுக்கு ஒரு பக்கம் 'பார்த்தது', மற்றப் பக்கம் 'நினைத்தது'. இரண்டையும் கலந்து பேசும் பிள்ளைக்கு அடியும் இல்லை, ஏச்சும் இல்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, "ச்சு... ச்சு... ச்சு" என்று மூன்று தரம் தட்டுவார். நீ நினைத்ததைச் சொல்கிறாய், போய் வடிவாகப் பார்த்துவிட்டு வா என்று அதற்கு அர்த்தம். அந்தச் சத்தத்துக்குப் பிள்ளைகளுக்கு மட்டுமா, பள்ளிக்கூட அதிபருக்கும் பயம்.

ஒருநாள் காலையில் பிள்ளைகள் எல்லாரையும் மைதானத்தில் இறக்கினார். "புட்டுச் சாப்பிட்டவை இஞ்சை வாங்கோ. இடியப்பம் அங்கை. பாண் வேப்பமரத்துப் பக்கம். ஒண்டும் சாப்பிடாதவை என்னட்டை வாங்கோ." பிள்ளைகளே வரிசையாக நின்று சலாகைகள் ஆனார்கள். புட்டு வரிசை கிணற்றடி வரை போனது. கிணற்றுக்குள் விழாமல் கடைசிப் பிள்ளையை நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன தெரியுது?"

"புட்டுத்தான் நல்ல சாப்பாடு ரீச்சர்!" என்றான் முன்னால் நின்ற ஒருவன்.

"ச்சு... ச்சு... ச்சு. நல்லது எண்டு எந்தச் சலாகை சொல்லுது?"

அவன் திரும்பி வரிசையைப் பார்த்தான். "கனபேர் புட்டுச் சாப்பிட்டவை ரீச்சர். அவ்வளவுதான்."

"ஏன் கனபேர்?"

"தெரியாது ரீச்சர்."

"அச்சாப் பிள்ளை! தெரியாதெண்டு சொல்லத் தெரிஞ்சால் பாதி விஞ்ஞானம் முடிஞ்சுது."

அவருக்குப் பக்கத்தில், ஒன்றும் சாப்பிடாதவர்களின் வரிசையில், நாலைந்து பேர் நின்றார்கள். அந்தச் சலாகையைப் பற்றி ரீச்சர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து அவருடைய ஸ்கூட்டியில் கொழுவியிருந்த பையில் பாணும் வாழைப்பழமும் வரத் தொடங்கின. அதை அவர் யாருக்கும் வரைபு கீறிக் காட்டவில்லை.

இன்னொரு தரம் வலயக் கல்விக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. எல்லா வகுப்பிலும் யோகட் கோப்பையில் பயறு முளைக்க வைத்து, யன்னலடியில் ஒன்று, இருட்டு அலுமாரிக்குள் ஒன்று வைத்து, வளர்ந்த உயரத்தைச் சலாகையாகக் கீறி ஒட்டியிருந்தோம். எங்கள் எல்லாருடைய சுவரிலும் யன்னல் பயறு நெடுக்க நின்றது. என்னுடைய பயறு உண்மையில் முளைக்கவேயில்லை, சலாகை மட்டும் நல்ல செழிப்பு. ரீச்சரின் சுவரில் அலுமாரிப் பயறுதான் நெட்டை. அதிபருக்கு வியர்த்துவிட்டது.

"ரீச்சர், உது மாறிக் கிடக்கு. வெளிச்சத்திலை இருந்ததுதானே வளரவேணும். உந்தச் சலாகையைக் கொஞ்சம் கட்டையாக்கி விடுங்கோவன்."

"அலுமாரிக்குள்ளை இருந்தது வெளிச்சத்தைத் தேடி நெடுநெடெண்டு வெளிறிப்போய் வளர்ந்திருக்கு சேர். நாங்கள் அளந்தது அதைத்தான்."

"அரை விரல்தான் ரீச்சர்."

"அரை விரல் எண்டாலும் பொய்தான் சேர். வேணுமெண்டால் நீங்கள் பயறோடை கதைச்சுப் பாருங்கோ."

அதிகாரி வந்தார். சுவரைப் பார்த்தார். குனிந்து பயறைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அவரும் பயறும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள். பிறகு எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போனார். அந்த அரை விரல் விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிறகு தேவைப்படும்.

இனி என்னுடைய சோகத்துக்கு வருகிறேன்.

எனக்குக் கலியாணம் பேசத் தொடங்கியிருந்தார்கள். பேசியது அம்மா. முடிவு செய்தது எங்கள் வீட்டு விறாந்தைப் பல்லி. அம்மாவின் சட்டம் சுருக்கமானது. ஒரு நல்ல விஷயம் கதைக்கும்போது கிழக்கில் பல்லி சொன்னால் சுபம். தெற்கில் சொன்னால் அந்தக் கதையை அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். மற்றத் திசைகளில் சொன்னால் அது பல்லியின் சொந்த விஷயம். கோப்பாய்ச் சம்பந்தம் தெற்கால் போனது. கொடிகாமத்துச் சம்பந்தமும் தெற்கால் போனது. இரண்டுக்கும் நான் கவலைப்படவில்லை, பல்லிக்கு மனதுக்குள் நன்றிகூடச் சொன்னேன்.

மூன்றாவது சம்பந்தம் வதனி. எங்கள் ஊர் உபதபாற் கந்தோரில் அவளுக்கு வேலை. ஒருவருக்கும் கடிதம் எழுதாத நான் கிழமைக்குக் கிழமை போய் முத்திரை வாங்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"மாஸ்ரருக்கு வெளிநாட்டிலை கனபேரோ?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப உந்த முத்திரையெல்லாம்?"

"கிடக்கட்டும்."

அதற்குமேல் எங்களுக்குள் பேச ஒன்றும் இருக்கவில்லை, எல்லாம் விளங்கிவிட்டது. தரகரைப் பிடித்து, அவளுடைய சாதகக் குறிப்பைத் தற்செயலாகக் கொண்டுவருவதுபோல் கொண்டுவரச் செய்தேன். குறிப்பு நல்ல வடிவாகப் பொருந்தியது. ஒரு மாலை நேரம் அம்மா சிரித்த முகத்தோடு, "உது நல்ல இடமாக் கிடக்கு" என்று வாய் திறந்தார். தெற்குச் சுவரில் பல்லியும் வாய் திறந்தது.

"விடு தம்பி. உது எங்களுக்கில்லை" என்று, பல்லி சொன்னால் தட்டுகிற வழக்கப்படி கதிரைக் கையில் நகத்தால் தட்டிவிட்டு அம்மா குசினிக்குள் போய்விட்டார்.

மீறிக் கட்டலாமே என்று கேட்பீர்கள். அப்பா போன பிறகு, சண்டைக் காலத்தில் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக ஓடிய மனுசி அவர். ஒவ்வோர் இடத்திலிருந்தும் வெளிக்கிடும்போது பல்லி சொல்கிறதா என்று நின்று கேட்டுவிட்டுத்தான் படி இறங்குவார். நாங்கள் இரண்டு பேரும் உயிரோடு திரும்பி வந்தோம். அப்படி ஒரு ஆளிடம் போய்ப் பல்லியாவது மண்ணாவது என்று எந்த வாயால் சொல்வது? எனக்கு முடியவில்லை.

வதனிக்குச் சுவிஸ் மாப்பிள்ளை ஒருவரும் பேசியிருந்தார்கள். ஆடி முடிந்து ஆவணி பிறக்கமுதல் எங்கள் பக்கத்தால் ஓம் என்று பதில் வராவிட்டால் சுவிசுக்கு ஓம் சொல்லப்போவதாக அவளுடைய தகப்பனார் தரகரிடம் சொல்லிவிட்டார். அடுத்த கிழமையும் வதனியிடம் முத்திரை வாங்கப் போனேன். முத்திரையைக் கிழித்துத் தரும்போது அது கோணலாகக் கிழிந்தது. அப்படி ஒருநாளும் கிழிக்காத பிள்ளை.

ஆசிரியர் அறையில் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்த என்னை ரீச்சர் பிடித்துவிட்டார். எல்லாவற்றையும் கொட்டினேன். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார்.

"எத்தினை தரம் தெற்காலை சொன்னது? எத்தினை தரம் கிழக்காலை?"

"எனக்கு எப்பிடி ரீச்சர் தெரியும்? ஆர் உதை எண்ணுறது?"

"அப்ப தெற்காலைதான் சொல்லுது எண்டு எப்பிடித் தெரியும்?"

"ஐயோ ரீச்சர், என்ரை சீவன் போகுது."

"போகாது, இரும். என்ரை பிள்ளையள் எண்ணுவினம். உம்மடை பேரை நான் சொல்லமாட்டன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பிள்ளைகளிடம் என் பெயரைச் சொல்லவில்லை. 'நாலாம் வகுப்புச் சேர்' என்று மட்டும்தான் சொன்னார்.

பிள்ளைகள் விளக்கு வைக்கும் நேரத்திலிருந்து படுக்கும்வரை வீட்டில் பல்லி எங்கே சொல்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். எந்தத் திசை, அப்போது வீட்டில் என்ன கதைத்தார்கள், பிறகு என்ன நடந்தது. பிள்ளைகளும் பயபக்தியோடு எழுதிக்கொண்டு வந்து வகுப்பில் உரத்து வாசித்தார்கள். அரைச்சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூச்சுக் காட்டாமல் கேட்டோம்.

"மேற்காலை சொன்னது. அப்ப அம்மா, 'பெரியம்மா தந்த சீலை பழசு' எண்டு கதைச்சவ. பேந்து பெரியம்மா வந்தவ. அம்மா, 'நல்ல சீலை அக்கா' எண்டு சொன்னவ."

"வடக்காலை சொன்னது ரீச்சர். அப்பா, 'இனிமேல் குடிக்கமாட்டன்' எண்டு சொன்னவர். பிறகு என்ன நடந்தது எண்டு இன்னும் எழுதேல்லை, அப்பா இன்னும் வீட்டை வரேல்லை."

அன்று பின்னேரமே பெற்றார்களின் வாட்ஸ்அப் குழு தீப்பிடித்தது. மூன்று குடும்பத்துக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அதிபர் ரீச்சரைக் கூப்பிட்டார். "ரீச்சர், பல்லியைப் பற்றிப் படிப்பியுங்கோ, நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. பெற்றாரைப் பற்றிப் படிப்பிக்காதையுங்கோ." அதோடு 'என்ன கதைத்தார்கள்' என்ற பகுதி நீக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு மெத்தக் கவலை. எங்கள் பக்கத்திலும் கவலைதான்.

சேர்ந்ததையெல்லாம் ஒரு பெரிய கடதாசியில் திசைக்கொரு சலாகையாகக் கீறினார்கள். நாலும் ஏறக்குறைய ஒரே உயரம். பிள்ளைகளின் முகம் விழுந்துவிட்டது. என்னுடையது ஏற்கெனவே நிலத்தில்தான் கிடந்தது. ரீச்சர் மட்டும் துள்ளினார்.

"பாத்தியளோ! பல்லிக்குத் திசை இல்லை. ஒண்டும் தெரியேல்லை எண்டு கண்டுபிடிச்சிருக்கிறம்!"

அப்போது பவிஷா என்ற பிள்ளை கை உயர்த்தினாள். தகப்பன் கடலுக்குப் போகிறவர். "ரீச்சர், எங்கடை வீட்டிலை லைற்றுக்குக் கிட்டத்தான் பல்லி நிக்கும். கடலிலை லைற் வைச்சால் கணவாய் மீன் வருமெண்டு அப்பா சொல்லுறவர். பல்லியும் அப்பிடியோ?"

நாங்கள் கைதட்டப் போனோம். "ச்சு... ச்சு... ச்சு" என்றார் ரீச்சர். "நினைச்சது வடிவா இருக்கு. போய்ப் பாத்துக்கொண்டு வா. எல்லாரும் பாத்துக்கொண்டு வாங்கோ."

பார்த்துக்கொண்டு வந்தார்கள். இந்த முறை சலாகைகள் லைற்றுக்குக் கிட்ட, லைற்றுக்குத் தூர என்று இரண்டு. கிட்டச் சலாகை கடதாசியில் நிற்கவில்லை. மேலே இன்னொரு கடதாசி ஒட்டினார்கள், அதையும் தாண்டியது. பவிஷா கதிரையில் ஏறி நின்று கீறினாள். வெளிச்சத்துக்குப் பூச்சி வருகிறது, பூச்சிக்குப் பல்லி வருகிறது, வந்த இடத்தில் நின்று சொல்கிறது. எங்கள் வீட்டு விறாந்தையில் ரியூப் லைற் எந்தச் சுவரில் இருந்தது என்று நான் சொல்லவும் வேண்டுமா? தெற்குச் சுவரில்தான். என்னுடைய மூன்று சம்பந்தத்தையும் குழப்பியது ஒரு ரியூப் லைற்.

அந்தச் சனிக்கிழமை ரீச்சர் கடதாசியைச் சுருட்டி ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"வாங்கோ பிள்ளை, இருங்கோ" என்றார் அம்மா. "நீங்கள் சேர்ச்சுக்குப் போற வேதக்காரர் எல்லோ. வேதக்காரருக்குப் பல்லி சொல்லுறேல்லைத்தானே."

"சொல்லுது அம்மா. நாங்கள்தான் காது குடுக்கிறேல்லை."

அம்மாவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. கடதாசியை விறாந்தையில் விரித்து, சுருண்டுவிடாமல் மூலைக்கு மூலை செம்பும் சீனிப்பேணியும் என் செருப்பும் வைத்தோம். ரீச்சர் ஐந்தாம் வகுப்புக்குச் சொல்வதுபோல் எல்லாவற்றையும் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். அம்மா குந்தியிருந்து, மூக்குக்கண்ணாடியை உயர்த்தி உயர்த்திப் பார்த்தார்.

"மழை பெஞ்ச நாளும் பாத்தவையோ பிள்ளை?"

"ஓம் அம்மா."

"கறண்ட் நிண்ட நாள் என்ன செய்தது?"

"அண்டைக்கு ஒரு இடமெண்டில்லாமல் எல்லா இடத்திலையும் சொன்னது."

"ம். அப்ப சரிதான்."

ரீச்சர் என் பக்கம் திரும்பினார். கண் பளபளத்தது. "தம்பி, உம்மடை அம்மா என்ரை வகுப்பிலை இருந்திருக்கவேணும்."

அம்மா எழும்பிக் கதிரையில் இருந்தார். "அப்ப லைற் எங்கையோ அங்கைதான் பல்லியும்."

"ஓம் அம்மா!"

"அப்ப பல்லியிலை ஒரு பிழையும் இல்லை."

"இல்லவே இல்லை அம்மா!"

"பிழை லைற்றிலை. தம்பி, நாளைக்கு வயறிங் செய்யிற பெடியனைக் கூட்டிக்கொண்டு வா. லைற்றைக் கிழக்குச் சுவருக்கு மாத்துவம்."

ரீச்சர் கடதாசியைச் சுருட்டிக்கொண்டு எழும்பினார். படலையடிக்கு வந்ததும், "என்ன ரீச்சர் உது?" என்று அழாக்குறையாகக் கேட்டேன். ரீச்சர் கடதாசியை ஸ்கூட்டியில் கட்டினார். "தரவிலை இருந்து வரக்கூடிய முடிவுதான் தம்பி. என்ரை பிள்ளையள் ஒருத்தருக்கும் உது வரேல்லை" என்றார்.

லைற் கிழக்குச் சுவருக்கு வந்தது. பல்லிகள் இரண்டு மூன்று நாள் பழைய இடத்திலேயே ரோசத்தோடு நின்றுவிட்டு, பிறகு பசி தாங்காமல் கிழக்கே குடிவந்தன. அம்மா ஒவ்வொரு மாலையும் கதிரையைப் போட்டு, கிழக்குச் சுவரைப் பார்த்து, "வதனியின்ரை சம்பந்தத்துக்கு ஓம் எண்டு சொல்லட்டோ?" என்று கேட்பார். பல்லி ஒரு விட்டிலை விழுங்கும். "வாய் நிறையத் திண்டால் எப்பிடிச் சொல்லுறது" என்று அம்மாவே அதற்கு நியாயமும் சொல்வார். இப்படியே நாள் போனது. ஆடியும் முடியப்போனது. நான் முத்திரை வாங்கப் போவதையும் விட்டுவிட்டேன், எந்த முகத்தோடு போவது?

நாளைக்கு ஆவணி என்ற அன்று, விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் ரீச்சர் வந்தார். பார்க்க வந்தேன் என்று மட்டும் சொன்னார். அம்மா அவருக்குக் கிழக்குச் சுவரோரம் கதிரை போட்டுவிட்டு எதிரே இருந்தார். நான் தூணோடு நின்றேன்.

"இண்டைக்குக் கேப்பன் பிள்ளை. சொல்லாட்டி விடுவம். அந்தப் பிள்ளையாவது சுவிசிலை நல்லா இருக்கட்டும்" என்றார் அம்மா. அவருக்கும் வதனியைப் பிடித்திருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு சுவரைப் பார்த்துக் கேட்டார். "வதனியின்ரை சம்பந்தத்துக்கு ஓம் எண்டு சொல்லட்டோ?"

பல்லி லைற்றடியில் நின்றது. அதன் வாயிலிருந்து ஒரு பூச்சியின் செட்டை வெளியே தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ரீச்சர் என்னைப் பார்த்திருக்க வேண்டும்.

"ச்சு... ச்சு... ச்சு."

கண்ணைத் திறந்தேன். பல்லி இன்னும் அதே பூச்சியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே ரீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். கொண்டையில் பென்சில் ஆடிக்கொண்டிருந்தது.

அம்மா கதிரைக் கையில் நகத்தால் தட்டினார். "கேட்டனீங்களோ பிள்ளை?"

"கேட்டது அம்மா."

"எந்தப் பக்கம்?"

"கிழக்குப் பக்கம்."

"அப்ப சரி. தம்பி, உந்த போனை எடு. தரகருக்கு அடி."

போன் பேசி முடிந்து, படலைவரை ரீச்சரோடு நடந்தேன்.

"ரீச்சர், அது... பல்லியோ?"

"நீர் என்ன கேட்டனீர்?"

"ஒரு சத்தம்."

"எந்தப் பக்கம்?"

"கிழக்கு."

"அவ்வளவுதான் கேட்டது. மிச்சமெல்லாம் நினைச்சது. நினைச்சதை ஒருத்தருக்கும் சொல்லிக்கொண்டு திரியாதையும்." ஸ்கூட்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சந்தோசத்தோடு, நாலாம் வகுப்புச் சேர் வீட்டுப் பல்லியையும் சலாகையில் சேர்க்க வேண்டும் என்று வந்து நின்றார்கள். ரீச்சர் விடவில்லை. "அது சேராது பிள்ளையள்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, வாழ்க்கையில் முதல்தரமாக, "அது அப்பிடித்தான்" என்று சொன்னார். பயறுக்கு அரை விரல் விட்டுக்கொடுக்காத மனுசி. எனக்காக ஒரு மாலை முழுவதையும் விட்டுக்கொடுத்துவிட்டு, அதைப் பிள்ளைகளின் கடதாசியில் மட்டும் ஏறவிடாமல் பார்த்துக்கொண்டார். அரைச்சுவருக்கு இந்தப் பக்கம் நான் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கக் கூடாது அல்லவா.

ஆவணியிலேயே எனக்கும் வதனிக்கும் கலியாணம் நடந்தது. ரீச்சர் வந்திருந்தார். சாப்பாடு எப்படி என்று வேண்டுமென்றே கேட்டேன். இரண்டு பந்தி இருந்து சாப்பிட்டுவிட்டு, "நல்லம்" என்றார்.

ரீச்சர் இப்போது பென்சன் எடுத்து, சாவகச்சேரிப் பக்கம் தங்கச்சி வீட்டோடு இருக்கிறார். எங்கள் அம்மாவுக்கும் வயது போய்விட்டது. போன மாதம் அதே விறாந்தையில், அதே கிழக்கு லைற்றின் கீழ் இருந்தபோது, இத்தனை வருசமாக நெஞ்சுக்குள் வைத்திருந்ததை மெல்ல அவிழ்த்தேன். "அம்மா, அண்டைக்குச் சொன்னது பல்லி இல்லையணை."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில், நான் இன்னும் நாலாம் வகுப்பில்தான் இருந்தேன்.

"எட விசரா. எனக்குப் பல்லிச் சத்தம் தெரியாதோ? பல்லி சொல்லிப்போட்டு எச்சில் விழுங்குமோ? செத்தாலும் பொய் சொல்லாத பிள்ளை அது. உன்ரை மூஞ்சையைப் பாக்கேலாமல் சொல்லிப்போட்டு, கண்ணாடியைத் துடைச்சுக்கொண்டு இருந்தது. அதைவிட நல்ல சகுனம் எந்தப் பல்லியடா எனக்குச் சொல்லப்போகுது?"

எங்கள் வீட்டில் இப்போதும் பொழுதுபட்டால் கிழக்குச் சுவரில் பல்லி சொல்லும். வதனி குசினிக்குள் இருந்து தட்டுவாள், நான் கதிரைக் கையில் தட்டுவேன். ரீச்சர் எங்கிருந்தாலும் நல்லாக இருக்கவேணும் என்று நினைத்துக்கொண்டுதான் தட்டுகிறோம். தட்டினால் அவர் நல்லாக இருப்பார் என்பதற்குத் தரவு எங்கே என்று கேட்பார். கேட்கட்டும்.